தங்கையை பயோகெமிஸ்ட்ரியில் சேர்க்கலாமா? நகரியில் இருந்து கேட்டவருக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நகரிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், வீட்டில் விசைத்தறி, தங்கை இன்டரில் (பிளஸ் டூ) பைபிசி, அதாவது உயிரியல், இயற்பியல், வேதியியல் முடித்து, நீட் இரண்டு தடவை எழுதியும் மார்க் எட்டவில்லை. எல்லை தாண்டி அரக்கோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்) சீட் இருக்கிறது என்கிறார்கள். மாமா "அது வேஸ்ட், பயோடெக்னாலஜி போடு" என்கிறார், பக்கத்து வீட்டு டீச்சர் "திருப்பதியிலேயே பாட்டனி, ஜுவாலஜி, கெமிஸ்ட்ரி மூன்றும் இருக்கிற பிஇசட்சி சேர்த்துவிடு" என்கிறார். சேர்த்தால் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைக்குமா என்று முடித்திருக்கிறீர்கள். எனக்குக் கேட்டது என்னவோ இப்படித்தான்: மூன்று வருஷம் பணம் கட்டிப் படிக்க வைத்தால், முடிக்கிற அன்றைக்கு அவள் கையில் ஒரு தொழில் இருக்குமா?

இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சேர்க்கை நேரத்தில் கல்லூரி வாசலில் நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி பாதி வழிப் படிப்பு. எம்எஸ்சி வரை, முடிந்தால் அதற்கு மேலும் போகலாம் என்று வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் தாராளமாகச் சேர்க்கலாம், அருமையான படிப்பு. மூன்றாம் வருஷம் முடிந்ததும் சம்பளம் வந்தே ஆகவேண்டும் என்ற நிலைமை இருந்தால் இதில் சேர்க்காதீர்கள்.

நான் யார், எதை வைத்துப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே பாடத்தில் எம்எஸ்சி முடித்துவிட்டு சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் சில காலம் இருந்தேன், அப்புறம் அரக்கோணம் பக்கம் கல்லூரி வேலைக்கு வந்துவிட்டேன். ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் என் வகுப்பில் உண்டு, அதனால் உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புதிதில்லை. மருந்துக் கம்பெனிகளைப் பற்றிச் சொல்வது மட்டும் என்னிடம் படித்துப் போனவர்கள் வந்து சொன்ன கதை, அதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப் வேலையை முதலில் பார்த்துவிடுவோம். ஆஸ்பத்திரி லேப் என்பது ஒரே அறை மாதிரி தெரிந்தாலும் உள்ளே பல மேசை. ரத்தம் எடுக்கிற இடம், செல் எண்ணிக்கை பார்க்கிற இடம், கல்ச்சர் போடுகிற இடம், பிளட் பேங்க், அப்புறம்தான் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், கொலஸ்ட்ரால் பார்க்கிற பயோகெமிஸ்ட்ரி மேசை. பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இந்தக் கடைசி மேசைதான் பழக்கமாக இருக்கும். நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கக்கூடப் பாடத்திட்டத்தில் பயிற்சி கிடையாது. எம்எல்டி, அதாவது மருத்துவ லேப் டெக்னாலஜி படித்தவர்களுக்கு எல்லா மேசையும் தெரியும், ஆஸ்பத்திரிக்குள்ளேயே பயிற்சி எடுத்திருப்பார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் லேப் டெக்னீஷியன் பணிக்கு எம்எல்டி சான்றிதழோ பட்டயமோதான் கேட்கிறார்கள், அதற்குப் பதிலாக பயோகெமிஸ்ட்ரி பட்டத்தைக் காட்ட முடியாது. நம் ஊர்ச் சின்ன லேப்களில் பயோகெமிஸ்ட்ரி முடித்த பெண்களை வைத்துக்கொள்கிறார்கள், அது உண்மைதான், ஆனால் அங்கே கொடுக்கிற சம்பளத்துக்கு மூன்று வருஷம் படித்திருக்கவே வேண்டாம். 2021இல் மத்திய அரசு துணை மருத்துவப் பணிகளுக்கு ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது, லேப் துறையும் அதற்குள் வருகிறது. பதிவு கட்டாயம் என்று முழுமையாக நடைமுறைக்கு வரும்போது எம்எல்டி இல்லாதவர்களுக்கு வழி இன்னும் குறுகும் என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் தங்கைக்கு லேப்தான் ஆசை, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால், யோசிக்கவே வேண்டாம், எம்எல்டி சேர்த்துவிடுங்கள்.

அப்படியானால் பயோகெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்பீர்கள். லேபில் இருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் ஊரில் கலெக்‌ஷன் சென்டர் வைத்திருப்பவர் காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுத்து, மொத்தமாகச் சேர்த்து, பத்து பத்தரை மணிக்கு பைக்கில் திருப்பதிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டியூபில் எடுத்து அப்படியே வைத்திருந்தால் சர்க்கரை குறைவாக வரும். ஏனென்றால் டியூபுக்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட டியூப், அதில் சோடியம் ஃப்ளோரைடு இருக்கிறது. இதுவரை எந்த டெக்னீஷியனுக்கும் தெரியும். ஃப்ளோரைடு எங்கே போய்த் தடுக்கிறது என்பதுதான் பயோகெமிஸ்ட்ரி. குளுக்கோஸ் உடைகிற கிளைக்காலிசிஸ் பாதையில் 10 படிகள், ஃப்ளோரைடு பிடிப்பது 9ஆவது படியில் இருக்கிற எனோலேஸ் என்ற என்ஸைமை, அதாவது அந்தப் படியை நடத்துகிற புரதத்தை. கீழே கதவைச் சாத்திவிட்டாலும் மேல் படிகளில் கொஞ்ச நேரம் குளுக்கோஸ் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் ஃப்ளோரைடு டியூபில் எடுத்தாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை சிறிதளவு இறங்கத்தான் செய்யும். இது தெரிந்தவள், எல்லைக்கோட்டில் 124, 125 என்று வருகிற ரிப்போர்ட்டைப் பார்த்தால் "சாம்பிள் எப்போ எடுத்தது, எப்போ சென்ட்ரிஃப்யூஜில் போட்டது?" என்று கேட்பாள். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று சொல்கிற இடத்தில் அந்த ஒரு கேள்வி ஒரு மனிதரின் வாழ்க்கையை மாற்றும். மெஷின் இந்தக் கேள்வியைக் கேட்காது.

இன்டரில் இதே கிளைக்காலிசிஸை அவள் படித்திருப்பாள், ஆனால் அங்கே அது மனப்பாடம். இங்கே எந்தப் படியில் ஆற்றல் செலவாகிறது, எங்கே கிடைக்கிறது, எந்தப் படி திரும்பி வராது, எந்த நோயில் எந்தப் படி அடைபடுகிறது என்று கேட்பார்கள். மனப்பாடத்தை வைத்து முதல் செமஸ்டர் தாண்டலாம், மூன்றாவதைத் தாண்ட முடியாது. மூன்றாவதில்தான் என்ஸைம் வரும், என்ஸைம் வேகத்தைப் பற்றி மைக்கேலிஸ், மென்டென் இருவரும் 1913இல் சொன்ன சமன்பாடு வரும், பாதி வகுப்பு அங்கே திணறும்.

திணறுவதற்குக் காரணம் உயிரியல் கிடையாது, கணக்கு. பைபிசி எடுத்த பிள்ளைகள் பத்தாவதோடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இங்கே வந்தால் மோலாரிட்டி, நார்மாலிட்டி, நீர்த்தல் கணக்கு, லாக். அமிலத்தன்மையைக் காட்டுகிற பிஎச் எண் 7இல் இருந்து 6க்கு வந்தால் அமிலத்தன்மை ஒரு பங்கு கூடவில்லை, 10 மடங்கு கூடிவிட்டது என்பதை மனசு ஏற்றுக்கொள்ளவே சில வாரம் ஆகும். ரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது, 7.2க்கு இறங்கினால் ஆளை ஐசியூவில் சேர்க்கிறார்கள், இந்தச் சின்ன எண்ணுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்பது லாக் புரிந்தால்தான் புரியும். பெரிய கணக்கு எதுவும் இல்லை, பத்தாம் வகுப்புக் கணக்கும் பொறுமையும் போதும். ஆனால் "கணக்கு வேண்டாம்னுதான் பைபிசி எடுத்தேன்" என்கிற ரகம் என்றால் இப்போதே கேட்டுவிடுங்கள். கெமிஸ்ட்ரியும் அப்படித்தான். நீட்டுக்குப் படிக்கும்போது அவள் எந்தப் புத்தகத்தைத் தானாகப் போய் எடுத்தாள், எதை நீங்கள் திட்டி எடுக்க வைத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பயாலஜி பிடிக்கும், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்றாலே தலைவலி என்றால் மைக்ரோபயாலஜி அவளுக்குச் சௌகரியமாக இருக்கும்.

பிராக்டிகல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது, சேர்க்கிற வீட்டார் யாரும் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. முதல் வருஷம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற பெனடிக்ட் டெஸ்ட், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போகிற அந்த மாதிரி நிறம் பார்க்கிற வேலை. பாலில் அசெட்டிக் ஆசிட் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 4.6க்கு வரும்போது கேசீன் என்ற பால் புரதம் திரிந்து இறங்குவதைப் பிடிப்பார்கள். அடுத்து எச்சிலில் இருக்கிற, ஸ்டார்ச்சை உடைக்கிற அமைலேஸ். தன் எச்சிலையே தண்ணீரில் கலக்கி, ஸ்டார்ச் கரைசலில் விட்டு, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டைலில் அயோடினோடு வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சொட்டு கருநீலம், அடுத்தடுத்து ஊதா, பழுப்பு, பிறகு அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும். கொதிக்க வைத்த எச்சிலில் கடைசிவரை கருநீலமாகவே நிற்கும். பக்கத்தில் நிற்கிறவளுக்கு நாலு நிமிஷத்தில் மாறும், இவளுக்கு ஒன்பது நிமிஷம் ஆகும், ஏன் என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டையில் கற்றுக்கொள்கிற அளவுக்கு என் லெக்சரில் கற்றுக்கொள்வதில்லை.

இரண்டாம் வருஷத்தில் நிறத்தின் அடர்த்தியை அளக்கிற கலரிமீட்டர் வந்துவிடும், அங்கேதான் ஆள் யார் என்று தெரியும். ஐந்து டெஸ்ட் டியூபில் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த கரைசலை) 0.2, 0.4, 0.6, 0.8, 1 மில்லி என்று எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் தண்ணீரால் சமப்படுத்தி, சாம்பிள் இல்லாத ஒரு பிளாங்க், அளக்க வேண்டிய சாம்பிளோடு ஒரு டெஸ்ட் வைத்து, ரீஏஜென்ட் சேர்த்து, நிறம் வந்ததும் ஓ.டி. (நிற அடர்த்தி எண்) எடுத்து கிராஃப் போட வேண்டும். புரதத்துக்கு பையூரெட் முறை என்றால் 540 நானோமீட்டர். ஐந்து புள்ளியும் ஒரே கோட்டில் உட்கார்ந்தால் பைப்பெட் பிடித்த கை நிதானம் என்று அர்த்தம். உட்காரவில்லை என்றால் இரண்டு வகைப் பிள்ளைகள் உண்டு. ஒரு வகை, ஸ்கேலை வைத்துக் கோட்டை முதலில் போட்டுவிட்டு, ஓ.டி. எண்களை அதற்கேற்ற மாதிரி ரெக்கார்ட் நோட்டில் "திருத்தி" எழுதும். இன்னொரு வகை, மூன்றாவது டியூபை மறுபடி செய்து பார்க்கும். இரண்டாவது வகையை எனக்குத் தெரிந்த எந்த நல்ல லேபும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இதைச் சொல்லும்போது ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரத்தத்தில் ஃபாஸ்பரஸ் அளக்கிற ஒரு பிராக்டிகல் கட்டாயம் வரும், ஃபிஸ்க், சுப்பாராவ் முறை என்று பெயர், மாலிப்டேட்டோடு சேர்த்து நீல நிறமாக்கி அளப்பது, 1925இல் வந்தது. அந்த சுப்பாராவ் உங்கள் ஆந்திராக்காரர். எல்லாப்ரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்கா போய் ஹார்வர்டில் இந்த முறையை உருவாக்கினார், அதை வைத்துத்தான் அவரும் ஃபிஸ்க்கும் தசையில் இருக்கிற ஃபாஸ்போகிரியாட்டினைக் கண்டுபிடித்தார்கள், 1929இல் செல் ஆற்றலுக்குப் பயன்படுத்துகிற ஏடிபி பற்றியும் எழுதினார்கள், அதே வருஷம் ஜெர்மனியில் லோமான் என்ற விஞ்ஞானியும் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார். ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. மருந்துக் கம்பெனிக்குப் போனார், அங்கே அவர் தலைமையில் வந்ததுதான் யானைக்கால் நோய்க்கு இன்றைக்கும் கொடுக்கிற டிஇசி மாத்திரை. 1948இல் இறந்துவிட்டார். தேர்வில் அவர் பெயரை எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அவரை ஏதோ வெள்ளைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இது எனக்கு ஒரு பெரிய ஆற்றாமை.

இந்தப் பாடத்தில் எல்லாம் கல்லில் செதுக்கியது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் எத்தனை ஏடிபி என்று கேட்டால் தங்கை 38 அல்லது 36 என்று சொல்வாள், இன்டரில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கியிருப்பாள். இப்போதைய பாடநூல்கள் 30 முதல் 32 என்கின்றன, மைட்டோகாண்ட்ரியாவில் புரோட்டான் கணக்கைச் சரியாகப் போட்ட பிறகு எண் இறங்கிவிட்டது. பாதை மாறவில்லை, கிரெப்ஸ் 1937இல் சொன்ன சுழற்சி அப்படியே இருக்கிறது, கடைசிக் கணக்கு மட்டும் மாறியது. பாதி வாத்தியார்கள் இன்னும் 38ஐயே போர்டில் எழுதுகிறார்கள், அதற்கு மார்க்கும் போடுகிறார்கள்.

இப்போது உங்கள் ஊர் விஷயம், அதாவது எல்லை. அந்த டீச்சர் சொன்ன பிஇசட்சி பழைய கதை. மூன்று பாடமும் சமமாகப் படிக்கிற அந்த முறை ஆந்திராவில் 2023-24இல் இருந்து போய், ஒரு மேஜர், கூடவே மைனர் என்று மாறிவிட்டது. தமிழ்நாட்டில் முன்பிருந்தே ஒரு மேஜர், துணைக்கு அலைடு பாடம். ஆகவே "திருப்பதியில் பொது அறிவியல், தமிழ்நாட்டில் தனிப்பாடம்" என்ற வித்தியாசம் இப்போது பெரிதாக இல்லை. பள்ளி டீச்சர் ஆக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தால் மட்டும் பாட்டனி அல்லது ஜுவாலஜி மேஜர் நல்லது. பயோகெமிஸ்ட்ரிக்குப் பள்ளியில் இடம் குறைவு, தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் அப்படி ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் அதை நடத்துகிற பள்ளிகள் கொஞ்சம்தான்.

பணக் கணக்கில் எல்லை பெரிய வித்தியாசம் செய்யும். ஆந்திர சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுச் சேர்க்கையில் செல்லாது, பொதுப்பிரிவில்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆந்திர அரசு கட்டணத்தைத் திருப்பித் தருகிற திட்டம் ஆந்திரக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு, அரக்கோணத்தில் சேர்த்தால் அது கிடைக்காது. தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிற மாதம் 1000 ரூபாயும் இவளுக்கு வராது, அது தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கு. ஆக கட்டணம் முழுக்க உங்கள் கையில் இருந்து. இன்னொன்று, ஆந்திராவில் "லோக்கல்" என்ற கணக்கு உண்டு, அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின்படி வந்தது, எந்தப் பகுதியில் எத்தனை வருஷம் தொடர்ந்து படித்தோம், குடியிருந்தோம் என்று பார்க்கிற கணக்கு. டிகிரியை இந்தப் பக்கம் படித்துவிட்டு எம்எஸ்சிக்குத் திருப்பதி எஸ்வி பல்கலைக்கழகம் போக நினைத்தால் அங்கே கேள்வி வரும். பள்ளிக்கூட ஸ்டடி சர்ட்டிஃபிகேட்டும் குடியிருப்புச் சான்றும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியையும் கேட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், நம்மை விட நன்றாகவே பேசுகிறார்கள், ஆனால் தெலுங்கு மீடியத்தில் படித்ததால் தமிழ் எழுத வராது. தமிழ்நாட்டில் பார்ட் ஒன் மொழிப்பாடம் கட்டாயம். அந்தக் கல்லூரியில் தெலுங்கோ இந்தியோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாத கல்லூரியில் சேர்ந்து, மேஜரில் 80 வாங்கிக்கொண்டு தமிழில் அரியர் வைத்து அழுத பெண்களை எனக்குத் தெரியும்.

பட்டத்துக்கு அப்புறம் என்ன என்பதில் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நேர்வழி எம்எஸ்சி. ஆந்திராவில் என்றால் பிஜிசெட் நுழைவுத்தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியூஇடி, ஐஐடிகளில் எம்எஸ்சிக்கு ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாள். எம்எஸ்சிக்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும், 2023இல் இருந்து இந்தத் தொகை. நம் ஊரில் இருந்து போய் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வகுப்புக்கு ஒருவர் இருவர். யாரும் கவனிக்காத ஒரு வழியும் இருக்கிறது: உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு மத்திய விதிகளில் பயோகெமிஸ்ட்ரி பட்டம் நேரடித் தகுதி. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் அதற்கு எம்எஸ்சி வைத்திருக்க வேண்டும், பயோகெமிஸ்ட்ரிக்கு டிகிரி போதும். பணியிட அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், வரும்போது கூட்டமும் வரும், அதை நம்பி உட்காரக் கூடாது, ஆனால் தகுதி கையில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையில் மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றுகிற வேலை) கம்பெனிகள் லைஃப் சயின்ஸ் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். என் மாணவிகள் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறது, கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு உடலுறுப்புகளும் நோய்ப் பெயர்களும் தெரிந்தால் போதும், மூன்று வருஷம் கற்ற என்ஸைமுக்கு அங்கே வேலை இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்காக இந்தப் படிப்பில் சேர வேண்டாம் என்கிறேன். மருந்துக் கம்பெனிகளில் தரப்பரிசோதனைப் பிரிவுக்கு கெமிஸ்ட்ரி ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். ஹைதராபாத், பெங்களூரில் தடுப்பூசி, இன்சுலின் மாதிரி உயிரியல் மருந்து செய்கிற இடங்களில் பயோகெமிஸ்ட்ரிக்கு மதிப்பு உண்டு, அங்கேயும் எம்எஸ்சி கேட்கிறார்கள் என்று போனவர்கள் சொல்கிறார்கள்.

மாமாவின் பயோடெக்னாலஜிக்கும் ஒரு வரி. பெயர் பெரிது, பிஎஸ்சி அளவில் கையில் கிடைப்பது இதேதான், எம்எஸ்சி இல்லாமல் அதற்கும் வேலை இல்லை. பயோகெமிஸ்ட்ரி முடித்தவர்கள் எம்எஸ்சி பயோடெக்னாலஜிக்குப் போகப் பெரும்பாலும் தடை இருக்காது. அடிப்படை கெட்டியாக இருக்கும் என்பதால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன், ஆனால் நான் இதே பாடத்து ஆள், என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சேர்ந்துகொண்டே மூன்றாவது தடவை நீட் என்ற யோசனை வீட்டில் இருந்தால் அதைக் கைவிடுங்கள். வாரத்தில் பிராக்டிகல் வகுப்புகளே பாதி நாளைத் தின்றுவிடும், இரண்டும் கெடும்.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போங்கள், ஆஃபீஸோடு திரும்பிவிடாமல் லேபைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில். உள்ளே போனால் கலரிமீட்டர் எத்தனை, அதில் எத்தனை ஓடுகிறது என்று பாருங்கள், துணி போட்டு மூடி வைத்திருக்கிற மெஷின் கணக்கில் வராது. ஒரு பெஞ்சில் எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள் என்று அங்கே இருக்கிற இரண்டாம் வருஷப் பிள்ளையைக் கேளுங்கள், வாத்தியாரைக் கேட்காதீர்கள். இரண்டு பேர் என்றால் நல்லது, ஆறு பேர் என்றால் ஒருத்தி செய்வாள், ஐந்து பேர் எழுதிக்கொள்வார்கள். டிஸ்டில்டு வாட்டர் யூனிட் ஓடுகிறதா, சிங்க்கில் தண்ணீர் வருகிறதா என்பதையும் பாருங்கள், சிரிக்காதீர்கள், வேனிற்காலத்தில் நம் பக்கம் தண்ணீர் இல்லாமல் பிராக்டிகல் ரத்தாவது சாதாரணம். கடைசி மூன்று பேட்ச்சில் எத்தனை பேர் எம்எஸ்சி போனார்கள், எங்கே போனார்கள் என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் சொல்கிறவர் என்றால் பிள்ளைகளைக் கவனிக்கிறவர். இரண்டாம் வருஷக் கோடையில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கொடுக்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்கு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

சேர்ப்பது என்று முடிவானால், இன்டர் போர்டில் மைக்ரேஷன் சர்ட்டிஃபிகேட்டுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வேறு மாநில போர்டில் படித்தவர்களிடம் இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் அதையும் தகுதிச் சான்றையும் கேட்கும், அது வராமல் முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட்டுக்கு ஓடுகிற பிள்ளைகளை ஒவ்வொரு நவம்பரிலும் பார்க்கிறேன். ரயில் சீசன் டிக்கெட்டுக்கு, இங்கே படிக்கிறாள் என்று கல்லூரி கொடுக்கிற போனஃபைடு சான்று வேண்டும், அதை சேர்கிற அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.